கடைசியாக மூடியைத் திருகியவர்

சிங்கப்பூர் விமானக் காட்சி நடப்பது சாங்கியில். ஆனாலும் ஆங் மோ கியோவுக்கு அதில் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது. விமானப் பராமரிப்பில் பெரிய பெயரான எஸ்டி எஞ்சினியரிங்கின் தலைமையகம் ஆங் மோ கியோ எலக்ட்ரானிக்ஸ் பார்க் சாலையில் இருக்கிறது. அவென்யூ 8இல் உள்ள நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் விமானப் பொறியியல் கற்றுத் தருகிறார்கள். வானில் வளையம் போடும் விமானிக்குத்தான் நாம் கைதட்டுகிறோம். இந்தப் பேட்டையில் படிக்கும் பிள்ளைகள் பழகுவதோ, அவர் ஏறுவதற்கு முன் தரையில் நடக்கும் வேலைக்கு.

2018 பிப்ரவரி 6ஆம் தேதி, தென்கொரியாவின் பிளாக் ஈகிள்ஸ் சாகசக் குழுவைச் சேர்ந்த டி-50பி விமானம் சாங்கியில் புறப்படும்போது ஓடுபாதையை விட்டு விலகித் தீப்பற்றியது. விமானி சிறு காயங்களோடு தப்பினார். விமான நிலையத்தில் பயணிகள் காத்துக் கிடந்தார்கள். சிங்கப்பூரர்கள் பலருக்கு இது நினைவிருக்கும். ஆனால் பறப்பதற்கு முந்தைய சோதனை என்றால் என்னவென்று விளங்கிக்கொள்ள, அதே குழு 2012 நவம்பரில் சந்தித்த விபத்துதான் பொருத்தமானது. வொன்ஜூ தளத்திலிருந்து பயிற்சிக்குக் கிளம்பிய டி-50பி ஒன்று மலைப்பகுதியில் விழுந்து, விமானி உயிரிழந்தார். மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டு அமைப்பைச் சோதிப்பதற்காகப் பராமரிப்பின்போது ஒரு மெல்லிய கம்பியைச் செருகியிருந்தார்கள். வேலை முடிந்ததும் அதை எடுக்கவில்லை.

விமானி புறப்படும் முன் சுற்றிப் பார்த்திருக்க மாட்டாரா என்று கேட்கத் தோன்றும். விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகே விமானி ஏறுவது வழக்கம். டயரில் வெட்டு உண்டா, எண்ணெய் கசிகிறதா, இறக்கை மடிப்புகள் தடையில்லாமல் அசைகின்றனவா, வேகத்தை அளக்கும் குழாயின் உறையைக் கழற்றியாயிற்றா என்று ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் பார்த்துக்கொண்டு வருவார். கழற்ற வேண்டிய ஊசிகளிலும் உறைகளிலும் சிவப்பு நாடா தொங்கும். மூடிக்குள் கிடக்கும் கம்பிக்கு நாடா ஏது? அதனால்தான் விமானத்தைத் தொடுவதற்கு முன்பே பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும் என்கிறது விதி. எந்தப் பகுதி திறக்கப்பட்டது, யார் மூடினார், சரிபார்த்துக் கையெழுத்திட்ட இன்னொருவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கொட்டகையில் ஸ்பேனர்களை எண்ணி எடுத்து எண்ணி வைப்பதும் இதற்காகத்தான். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை விமானம் நகராது.

சில குறைகள் அளவில் அற்பமானவை. 2011 செப்டம்பர் 16ஆம் தேதி அமெரிக்காவின் ரீனோ விமானப் பந்தயத்தில் பழைய பி-51 மஸ்டாங் ஒன்று பார்வையாளர் பகுதிக்கருகே விழுந்தது. விமானியோடு சேர்த்து 11 பேர் மாண்டனர். வாலில் உள்ள சிறு சமநிலைப் பட்டையின் திருகுகளைப் பிடித்திருந்த நட்டுகளுக்குள் பிடிமானம் தேய்ந்துபோயிருந்தது என்று விசாரணை கண்டறிந்தது. திருகு தளர்ந்து, பட்டை அதிர்ந்து, விமானம் கைமீறிப் போனது. பயணிகள் விமானம் உயரத்தில் பறப்பதால், ஏதாவது கெட்டால் யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் இருக்கும். தரையை ஒட்டிச் சாகசம் செய்பவருக்கு ஓரிரு விநாடிகள்தான்.

சோதனைக்கும் எல்லை உண்டு. 2024 மே 8ஆம் தேதி தெங்கா ஆகாயப் படைத் தளத்தில் எஃப்-16 ஒன்று மேலெழுந்ததுமே விழுந்தது. விமானி இருக்கையோடு வெளியேறித் தப்பினார். விமானத்தின் மூக்கு ஏறி இறங்கும் வேகத்தைச் சொல்லும் ஜைரோஸ்கோப்களில் குறைந்தது இரண்டு ஒரே நேரத்தில் தவறான தகவல் தந்தன என்று தற்காப்பு அமைச்சு தெரிவித்தது. ஒன்று கெட்டால் மற்றவை காட்டிக்கொடுக்கும் என்ற கணக்கில்தான் ஒன்றுக்கு மேல் வைக்கிறார்கள். இரண்டு சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் கணினி பெரும்பான்மைப் பக்கம் சாய்ந்துவிடும். டார்ச் விளக்கோடு சுற்றி வருபவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

இயந்திரத்தில் பழுதே இல்லாமலும் விபத்து நேர்வதுண்டு. 2015இல் இங்கிலாந்தின் ஷோரம் காட்சியில் ஹாக்கர் ஹண்டர் விமானம் நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தனர். வளையத்தின் உச்சியில் 3,500 அடி உயரம் தேவைப்பட்ட இடத்தில் விமானி ஏறியிருந்தது 2,700 அடி.

பழுது எதுவென்று உறுதியாகாத நிலையில் பறக்காமல் இருப்பதும் ஒருவகைச் சோதனைதான். பார்வையாளர்களுக்குத்தான் அது பிடிப்பதில்லை. கோவை சூலூரைத் தளமாகக் கொண்ட இந்திய விமானப் படையின் சாரங் ஹெலிகாப்டர் குழு, 2024 பிப்ரவரியில் சாங்கி வானில் சாகசம் காட்டிப் பாராட்டு வாங்கியது. 2025 ஜனவரி 5ஆம் தேதி போர்பந்தரில் கடலோரக் காவல் படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து மூவர் இறந்ததும், அந்த வகை ஹெலிகாப்டர்கள் அனைத்தும் தரையில் நிறுத்தப்பட்டன. சாரங் பறப்பதும் துருவில்தான். அடுத்த மாதம் பெங்களூரில் நடந்த ஏரோ இந்தியா விமானக் காட்சி, சொந்த நாட்டின் அந்தக் குழு இல்லாமலேயே நடந்து முடிந்தது.