கடல் முன்பு எங்கே இருந்தது? சாட்சி சொல்லும் ‘டேப் லைப்ரரி’... எப்படி இயங்குகிறது?

2004 டிசம்பர் 26. கன்னியாகுமரி மாவட்டத்தில் கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பாலத்தை சுனாமி பெயர்த்து எறிந்தது. குளச்சல், கொட்டில்பாடு என்று கரை நெடுக வீடுகள் போயின. தண்ணீர் வடிந்ததும் எழுந்த கேள்விகளில் ஒன்று: கடல் எதுவரை வந்தது, கரை எங்கெங்கே காணாமல் போனது?

இதற்குப் பதில் சொல்ல சுனாமிக்குப் பிறகு எடுத்த செயற்கைக்கோள் படம் மட்டும் போதாது. அதற்கு முன்னாடி எடுத்த படமும் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இழப்பு தெரியும். தூண்டில் வளைவு கேட்டு மீனவ கிராமங்கள் இன்றைக்கும் போராடுகின்றன. அங்கேயும் இதே கதைதான். ‘எங்க ஊர் கரை இவ்வளவு தூரம் இருந்துச்சு’ என்று பெரியவர்கள் கை நீட்டிக் காட்டினால் அதிகாரிகள் தலையாட்டுவார்கள். 20, 30 வருடத்துக்கு முந்தைய படத்தைக் காட்டினால் கோப்பில் ஏறும்.

சரி, அந்தப் பழைய படமெல்லாம் எங்கே இருக்கிறது?

ஹைதராபாத் பக்கத்தில் ஷாத்நகர் என்ற ஊரில், இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையத்துக்கு ஒரு தரைநிலையம் இருக்கிறது. 1979-ல் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் அனுப்பும் தகவலை வாங்கத் தொடங்கிய இடம் அது. 1988 மார்ச் 17-ல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்-1ஏ, இந்தியாவின் சொந்தத் தொலையுணர்வு செயற்கைக்கோள். 22 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தின் மேல் மறுபடி வந்து படம் எடுத்தது. நாஞ்சில் நாட்டு வயல், குளம், கடற்கரை எல்லாம் அதில் அடக்கம். அந்தக் காலத்தில் வானத்திலிருந்து வந்த தகவல் நேராகப் பதிவானது காந்த நாடாவில். அதாவது டேப்பில். இன்றும் அங்கே தகவலை அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கும் ஏற்பாட்டில் டேப்புக்கு ஓர் அடுக்கு உண்டு.

டேப்பா? அது ஒழிஞ்சு போகலையா?

பாட்டு கேட்கிற கேசட் ஒழிந்துவிட்டது. தகவல் சேமிக்கும் டேப் ஒழியவில்லை, வளர்ந்துகொண்டே இருக்கிறது. இன்று உலகம் அதிகம் பயன்படுத்தும் வகைக்கு எல்.டி.ஓ என்று பெயர். 2000-ல் முதல் தலைமுறை வந்தபோது ஒரு கார்ட்ரிட்ஜில் 100 ஜிபி கொள்ளும். 2021-ல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் 18 டெராபைட். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே அரை அங்குல அகலத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகமான நாடா. ஐரோப்பாவின் செர்ன் அணு ஆராய்ச்சி மையம், 2017-லேயே 200 பெட்டாபைட்டுக்கு மேல் டேப்பில் சேமித்துவிட்டதாக அறிவித்தது.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். அன்றாடம் சோறு வடிக்க அடுக்களையில் அரிசிப் பானை. வருஷத்துக்கு வேண்டியது பத்தாயத்தில். செல்போன், ஹார்ட் டிஸ்க் எல்லாம் பானை. கையை விட்டால் உடனே அரிசி வரும். டேப் என்பது பத்தாயம். பலகையை எடுத்து அள்ளி வர நேரம் ஆகும். ஆனா, கொள்ளளவு அதிகம், செலவு குறைவு, சும்மா இருக்கும்போது ஒரு யூனிட் மின்சாரமும் கேட்காது. ஒக்கி புயலின்போது இந்த மாவட்டம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை நினைத்துப் பாருங்கள். அலமாரியில் இருக்கும் டேப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ரோபோ கை என்ன செய்கிறது?

பத்து டேப் என்றால் மனிதரே எடுத்துப் போடலாம். ஆயிரக்கணக்கில் இருந்தால்? அதற்குத்தான் தானியங்கி டேப் லைப்ரரி. பீரோ மாதிரி ஒரு பெட்டி. பெரிய இடங்களில் அது பல பீரோக்களை வரிசையாகச் சேர்த்து வைத்த நீளம் இருக்கும். உள்சுவரில் தேன்கூடு போல அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கார்ட்ரிட்ஜ். இவற்றுக்கு ‘ஸ்லாட்’ என்று பெயர். ஓரிடத்தில் படிக்கவும் எழுதவும் சில டிரைவ்கள். நடுவே தண்டவாளத்தில் ஓடும் ரோபோ கை.

ஒவ்வொரு கார்ட்ரிட்ஜின் முதுகிலும் எட்டு எழுத்து பார்கோடு ஒட்டியிருக்கும். முதல் ஆறு அதன் பெயர், கடைசி இரண்டு அதன் தலைமுறை. ‘எல்9’ என்று முடிந்தால் ஒன்பதாம் தலைமுறை. 1998-ம் ஆண்டுப் படம் ஒன்றை யாராவது கேட்டால், கணினி முதலில் தன் பதிவேட்டில் அது எந்த டேப்பில் இருக்கிறது என்று பார்க்கும். கை அந்த ஸ்லாட்டுக்கு ஓடும், டப்பாவை உருவும், டிரைவில் செருகும். டிரைவ், நாடாவின் நுனியில் இருக்கும் சிறு ஊசியைப் பிடித்து வெளியே இழுத்துச் சுற்றி, வேண்டிய இடத்துக்கு ஓடும். எல்லாம் சேர்த்து ஓரிரு நிமிடம். வாட்ஸ்ஆப்புக்குப் பழகியவர்களுக்கு இது யுகம். பழைய தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமைப் பார்த்தவர்களுக்கு மின்னல்.

படிக்கத் தொடங்கிவிட்டால் வேகத்துக்குக் குறைவில்லை. ஒன்பதாம் தலைமுறை டிரைவ் வினாடிக்கு 400 எம்பி வரை எழுதும். அந்த வேகத்தில் ஒரு டேப் நிறைய பன்னிரண்டரை மணி நேரம். இதில் ஒரு சங்கடம் உண்டு. தகவல் அனுப்பும் கணினி அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காவிட்டால் டேப் நிற்கும், கொஞ்சம் பின்னால் வந்து மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். ஷூவுக்கு பாலிஷ் போடுகிற மாதிரி முன்னும் பின்னும். நாடாவும் தேயும், டிரைவும் தேயும். அதனால்தான் தகவலை முதலில் டிஸ்க்கில் குவித்துவிட்டு, பிறகு ஒரே மூச்சாக டேப்புக்கு அனுப்புவார்கள்.

ரோபோ இருந்தா ஆள் எதுக்கு?

வேலையே அங்கேதான் இருக்கிறது. புது டேப்பைக் கொண்டு வந்த உடனே போடக் கூடாது. வெளியே வெயில், உள்ளே ஏசி. அறையின் தட்பவெப்பத்துக்குப் பழக விட வேண்டும். ஒன்பதாம் தலைமுறை டேப்பை முதன்முறை செருகினால் டிரைவ் அதை அளந்து சரிபார்க்கும். அதற்கு இரண்டு மணி நேரம் வரைகூட ஆகலாம். இது தெரியாத புது ஆபரேட்டர், டேப் மாட்டிக்கொண்டதாக நினைத்து மெஷினை நிறுத்திவிட வாய்ப்பு உண்டு.

டேப்பை உள்ளே போடவும் எடுக்கவும் தனியாக ஒரு சின்ன வாசல் இருக்கும். பெரிய கதவைத் திறந்தால் கை நின்றுவிடும். சாத்தியதும், யாராவது எதையாவது இடம் மாற்றிவிட்டார்களா என்று மெஷின் பார்கோடுகளை மறுபடி சரிபார்க்கும். பார்கோடு கோணலாக ஒட்டியிருந்தால் கை படிக்காது. டேப் அங்கேயே இருக்கும், கணினிக்கு அது இல்லை. கீழே விழுந்த டேப் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அதை நம்பக் கூடாது. படிக்கும் தலையில் அழுக்கு சேர்ந்தால் டிரைவே சுத்தம் கேட்கும். அதற்கென்று தனி கிளீனிங் கார்ட்ரிட்ஜ் உண்டு. குறிப்பிட்ட தடவைக்கு மேல் அது உதவாது.

ஈரம்தான் பெரிய எதிரி. நீண்ட நாள் வைக்கும் டேப்புக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பமும், 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும், கடல் காற்றும் வீசும் நாகர்கோவில் போன்ற ஊரில் ஏசி இல்லாத அறையில் அது நடக்காத காரியம். காந்தத் தூளை நாடாவோடு ஒட்டி வைத்திருக்கும் பசை, பழைய டேப்புகள் பலவற்றில் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிட்டது. அப்படிப்பட்ட டேப்பை ஓட்டினால் பதிவு உரிந்து வரும்.

இவ்வளவு பாடு எதற்கு? கிளவுடில் போட்டால் போதாதா?

2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசுத் தகவல் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ என்ற கிளவுட் எரிந்தது. 858 டெராபைட். அளவு ரொம்பப் பெரிசு என்பதால் வெளியே வேறு நகல் வைக்கவில்லை என்றது அரசு தரப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால், 858 டெராபைட்டுக்கு 18 டெராபைட் டேப் 48 போதும். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் ஒரு மீட்டர் நீளம். மொத்த எடை 10 கிலோ அரிசிப் பை அளவு. ஒரு பெட்டியில் போட்டு வேறு ஊருக்கு அனுப்பியிருக்கலாம்.

நெருப்பு மட்டும் இல்லை. 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை ஹேக்கர்கள் பூட்டினார்கள். சுமார் 1.3 டெராபைட் தகவல் முடங்கியது. நோயாளிகள் வரிசையில் நிற்க, சீட்டு எழுதுவது முதல் எல்லாம் இரண்டு வாரம் வரை கைவேலையாக நடந்தது. தாக்குதலுக்கு ஆளாகாத ஒரு பேக்கப் சர்வரில் இருந்து தகவல் மீட்கப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அந்த ஒரு சர்வருக்கும் கை எட்டியிருந்தால்? ஹேக்கருக்கு எட்ட வேண்டும் என்றால் கம்பித் தொடர்பு வேண்டும். ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கும் டேப்புக்கு அது இல்லை. லைப்ரரியை இயக்கும் மென்பொருளையே ஒருவர் கைப்பற்றினால் அந்த டேப்பையும் எடுத்து அழிக்கச் சொல்லலாம் என்பது உண்மை. அதனால்தான் ஒரு செட்டை பெட்டியை விட்டே வெளியே எடுத்து வேறு கட்டடத்தில் வைப்பார்கள்.

கூகுளே இதை நம்புகிறது. 2011 பிப்ரவரி 27-ல் ஒரு மென்பொருள் கோளாறால் ஜிமெயில் பயனாளர்களில் 0.02 சதவீதம் பேரின் இன்பாக்ஸ் காலியானது. வேறு வேறு டேட்டா சென்டர்களில் நகல்கள் இருந்தன. அங்கேயும் அதே கோளாறு பரவி அழித்துவிட்டது. கடைசியில் டேப்பில் இருந்துதான் எடுத்துக் கொடுத்தார்கள்.

அப்போ டேப்பில் போட்டா நிம்மதியா?

இல்லை. டேப் பத்திரமாக இருக்கும், அதைப் படிக்கிற மெஷின் இருக்காது. எட்டாம் தலைமுறை டிரைவ் ஏழாவதைப் படிக்கும், ஆறாவதைப் படிக்காது. ஒன்பதாவது, எட்டாவதைப் படிக்கும், ஏழாவதைப் படிக்காது. 2025-ல் வந்த பத்தாம் தலைமுறை டிரைவோ, தன் தலைமுறை டேப்பைத் தவிர வேறெதையும் தொடாது. ஆகவே சில வருடத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் புது டேப்புக்கு மாற்றி எழுத வேண்டும். பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படக்கூடிய வேலை இது. ஏனென்றால் இந்த வருஷம் செய்யாவிட்டால் இந்த வருஷம் ஒன்றும் ஆகாது.

நாசா பட்ட பாடு இதற்கு உதாரணம். 1966, 67-ல் நிலவைச் சுற்றிய லூனார் ஆர்பிட்டர்கள் அனுப்பிய படங்களின் டேப்புகள் தப்பிப் பிழைத்திருந்தன. படிக்கும் மெஷின்தான் கிடைக்கவில்லை. ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர் சில பழைய மெஷின்களைத் தூக்கிப் போட மனம் வராமல் வீட்டில் வைத்திருந்தார். அவற்றைப் பழுது பார்த்து, நாசா வளாகத்தில் மூடிக் கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் வைத்து 2008-ல் படங்களை மீட்டார்கள். நிலவில் மனிதன் கால் வைத்த அப்பல்லோ 11-ன் மூல டேப்புகளுக்கு அந்த யோகம் இல்லை. அவை அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று 2009-ல் நாசா சொன்னது.

மாற்றி எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள் என்று நாஞ்சில் நாட்டு வரலாற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும். நிலம், வரி, ஊர்க்கூட்டம் என்று நூற்றாண்டுக் கணக்கில் ஒரு குடும்பம் வைத்திருந்த ஆவணங்கள். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவற்றைத் தேடிப் படித்தார். பின்னாளில் ஆய்வாளர் அ.கா.பெருமாள் புத்தகமாகக் கொண்டு வந்தார். ஓலையைப் பூச்சி அரிக்கும், ஈரம் தின்னும். பழைய ஏடுகள் நமக்குக் கிடைத்தது பெரும்பாலும் யாரோ புது ஓலையில் பிரதி எடுத்ததால்தான். எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். டேப்புக்கு டிரைவ் மாதிரி.

இன்னொரு வேலையும் உண்டு. எழுதிய டேப்பை அவ்வப்போது எடுத்துத் திரும்பப் படித்துப் பார்ப்பது. ‘பேக்கப் முடிந்தது’ என்று தினமும் திரையில் பச்சை விளக்கு எரியலாம். திருப்பி எடுத்துப் பார்க்காத வரை அதற்கு மதிப்பில்லை. டேப்பைப் பூட்டி வைத்த ரகசியச் சாவி தொலைந்திருந்தால், உள்ளே இருப்பது வெறும் நாடா.

உங்க வீட்டு பீரோவுக்கும் இது பொருந்தும். 90-களில் எடுத்த கல்யாண வீடியோ கேசட் பல வீடுகளில் வெள்ளைப் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. உலகில் கடைசியாக வி.சி.ஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடுகிற பிளேயர் வைத்திருக்கும் ஸ்டுடியோக்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கின்றன. பூஞ்சை பிடித்த கேசட்டை நீங்களே ஓட்டிப் பார்க்க வேண்டாம். அது நாடாவையும் கெடுக்கும், பிளேயரையும் கெடுக்கும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து டிஜிட்டலாக மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.