சைலன்சர் கழற்றிய வண்டியும் கேட்காமல் போகும் காதும்

தாமதமாக வருகிறவர்கள்

காதில் ஓயாமல் ரீங்காரம், பேச்சு தெளிவாக விழவில்லை என்று கொல்கத்தாவின் காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடம் வரும் இளைஞர்களில் பலர், தொல்லை தொடங்கி மாதங்கள் கழித்தே வருகிறார்கள். அதற்குள் கடுகெண்ணெயில் பூண்டு காய்ச்சி ஊற்றியாகிவிட்டது. மருந்துக் கடைக்காரர் கொடுத்த சொட்டு மருந்தும் தீர்ந்துவிட்டது. "எந்த வண்டி ஓட்டுகிறீர்கள், சைலன்சர் கம்பெனியில் வந்ததுதானா?" என்று மருத்துவர் கேட்டால் முகத்தில் வியப்பு தெரிகிறது. காதுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்கிற வியப்பு அது. சைலன்சரைக் கழற்றிவிட்டு நேர்குழாய் மாட்டுவதைப் போக்குவரத்துக் குற்றம், அக்கம்பக்கத்துத் தொந்தரவு என்ற அளவில் பேசியே விட்டுவிடுகிறோம். உண்மையில் அது உடலில் ஏற்படும் காயம். முதல் காயம் ஓட்டுகிறவருக்கே.

"பழகிவிட்டது" என்பது நல்ல செய்தி அல்ல

எல்லாரும் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான்: "ஆரம்பத்தில் சத்தமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது." மூளை சத்தத்தைப் பொருட்படுத்தாமல் விடலாம், ஆனால் காதின் திசு சத்தத்துக்குப் பழகாது. முன்பு போல உறைக்கவில்லை என்றால், கேட்கும் திறன் குறைந்திருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகள் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது, ஓடும் வண்டியிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி அளந்தால் 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. நேர்குழாய் மாட்டி, உள்ளிருக்கும் 'டிபி கில்லர்' என்ற தடுப்பையும் உருவிவிட்டால், அருகில் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 80-க்கும் 100-க்கும் வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும். டெசிபல் கணக்கில் 20 கூடினால் ஒலியின் ஆற்றல் 100 மடங்கு கூடுகிறது. 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்று தொழில்சார் நலக் கணக்கு சொல்கிறது. அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு மிஞ்சுவது 15 நிமிடம். கரியாஹாட்டிலிருந்து சால்ட் லேக் போய்ச் சேரவே அதைவிட அதிக நேரம் ஆகும்.

வண்டியை விட்டு இறங்கியதும் காது அடைத்தாற்போல இருந்து, காலையில் தெளிந்துவிடுகிறதே என்பார்கள். தெளிவது கேட்கும் அளவு மட்டும்தான். அப்படித் தெளிந்த காதுகளிலும் நரம்பு இணைப்புகள் மீளாமல் அழிந்திருந்ததை எலிகளில் செய்த ஆய்வுகள் 2009 முதல் காட்டிவருகின்றன. மனிதருக்கு முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றியுள்ள கூர்மையான ஒலிகள். அதனால் குரல் காதில் விழும், ஆனால் சொல் பிடிபடாது. ச, த, க போன்ற ஒலிகள் குழம்பி, வீட்டில் எல்லாரும் முணுமுணுப்பது போலத் தோன்றும். காதின் மீது சந்தேகம் வராது, பேசுகிறவர் மீதுதான் எரிச்சல் வரும்.

சமாதானங்கள்

"சத்தம் இருந்தால்தான் பஸ்காரனும் லாரிக்காரனும் ஒதுங்குவான், உயிருக்குப் பாதுகாப்பு" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். குழாயின் வாய் பின்னோக்கி இருப்பதால் சத்தத்தின் பெரும்பங்கு பின்னால்தான் போகிறது. மோதும் ஆபத்தோ பெரும்பாலும் முன்னாலும் சந்திப்புகளிலும் இருக்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் பாட்டுக் கேட்கும் கார்காரருக்கு நீங்கள் கடந்து போன பிறகுதான் அந்தச் சத்தம் எட்டும். ஹெல்மெட் காதைக் காக்கும் என்பதும் தவறு. ஹெல்மெட் மண்டைக்கானது. குழாயின் கனத்த ஒலியை அது அதிகம் தடுப்பதில்லை, வேகமாகப் போனால் காற்றின் இரைச்சலும் உள்ளே சேர்ந்துகொள்கிறது.

"இழுவை கூடுகிறது" என்பது இன்னொன்று. இன்றைய பிஎஸ்-6 வண்டிகளில் எரிபொருள் அளவைக் கணினியே கணிக்கிறது. குழாயை மட்டும் மாற்றினால் சத்தம் கூடும் அளவுக்குச் சக்தி கூடாது. கூடவே புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியையும் வெட்டி எறிந்தால் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் மாற்றப்படாமல் அப்படியே வெளியேறும். குளிர்காலத்தில் இந்த நகரத்துக் காற்று எப்படி இருக்கும் என்று மூச்சுத்திணறல் நோயாளிகளைக் கேளுங்கள்.

"ஹாரன் இதைவிட மோசம்" என்பதில் நியாயம் இருக்கிறது. கொல்கத்தாவின் ஹாரன் தொல்லையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதையும் ஒழிக்க வேண்டும் என்பதுதான் அதற்குப் பதில், இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அல்ல. ஒலிபெருக்கிக் கூச்சலுக்கு எதிராக 1996-லேயே கல்கத்தா உயர் நீதிமன்றம் நாட்டுக்கே முன்மாதிரியான உத்தரவு போட்ட ஊர் இது. பட்டாசுக்கு நாட்டிலேயே கடுமையான 90 டெசிபல் வரம்பை மேற்கு வங்கம் நெடுங்காலம் வைத்திருந்து, 2023-ல் அதை 125-ஆகத் தளர்த்தியது. வருத்தமான பின்னடைவு அது.

தூங்குகிறவரின் இதயம்

"சில நொடிகளில் கடந்துவிடும் சத்தம்தானே?" பகலில் அப்படி இருக்கலாம். இரவில் விழிப்பே வராவிட்டாலும் தூக்கம் கலையும், இதயத்துடிப்பு எகிறும், ரத்த அழுத்தம் ஏறும். சாலை இரைச்சலுக்கும் மாரடைப்பு வகை இதயநோய்க்கும் தொடர்பு இருப்பதை ஏற்றுக்கொண்ட உலக சுகாதார அமைப்பு, 2018-ல் ஐரோப்பாவுக்கு வகுத்த வழிகாட்டுதலில் இரவுச் சாலை இரைச்சல் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்றது. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் அதே 45-ஐத்தான் சொல்கின்றன. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குள் இரவு வரம்பு 40. இ.எம். பைபாஸ் நெடுகிலும் பெரிய மருத்துவமனைகள் வரிசையாக நிற்கின்றன. அந்தச் சாலையிலேயே நள்ளிரவில் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பறக்கிறவர்கள், ஜன்னலுக்குப் பின்னால் அறுவை முடிந்து படுத்திருப்பவரை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் முதியவர்கள் தூக்கம் வரவில்லை என்று மாத்திரை கேட்கும்போது, படுக்கையறை எந்தத் தெருவைப் பார்த்திருக்கிறது என்பதையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தில் ஓட்டை இல்லை

கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள், அப்படியானால் சட்டப்படி சரிதானே என்று நினைக்காதீர்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. கம்பெனி வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ, கூடவே மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பு. 2021-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு இதே சைலன்சர் சத்தத்தைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது.

தயவுசெய்து எண்ணெய் ஊற்றாதீர்கள்

இரைச்சலால் கெட்ட காதுக்குக் கடுகெண்ணெய் எதுவும் செய்யாது. எண்ணெய் போய்ச் சேரும் இடம் வேறு, கெட்ட இடம் வேறு. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் சீழையும், ஜென்டாமைசின் கலந்த சொட்டு மருந்து நிரந்தரச் செவிட்டையும் கொண்டுவரலாம். தலைசுற்றலுக்கு யாருக்கோ எழுதிக்கொடுத்த மாத்திரையை ரீங்காரத்துக்கு விழுங்குவதை எத்தனை முறை கண்டித்தாலும் நிற்பதில்லை. இதில் பெரிய நஷ்டம் காலம். ஒரே காது திடீரென்று மந்தமானால் ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பரிசோதனை எளிது: ஆடியோகிராம், வலி கிடையாது.

கழற்றியதைத் திரும்ப மாட்டுங்கள்

போன செவித்திறனைத் திருப்பித் தரும் மருந்து இன்றுவரை இல்லை. அதனால்தான் இவ்வளவு மன்றாட வேண்டியிருக்கிறது. பெற்றோரே, பிறந்தநாள் பரிசாகக் குழாய் வாங்கப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மெக்கானிக் தம்பிகளே, நாள் முழுவதும் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். மாட்ட மாட்டேன் என்று சொல்லுங்கள், உங்கள் காதைக் காட்டியே சொல்லுங்கள். ஏற்கெனவே மாற்றியவர்கள் பழைய சைலன்சரைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட வேண்டாம். இந்த வாரமே கேஸ்கெட் புதிதாகப் போட்டு, ஆக்சிஜன் சென்சார் இணைப்பைச் சரிபார்த்து அதையே மாட்டச் சொல்லுங்கள். மாட்டிய பிறகும் அமைதியான அறையில் காது ரீங்கரித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் வாருங்கள்.