ஆட்டுக்கொல்லி நோயும் அதனைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருளும்

திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர்ப் பகுதியில் நன்செய் உடையவர்க்கும் புன்செயே கதியென இருப்பவர்க்கும் ஆடு பொதுவான செல்வமாகும். அறுவடையான நிலத்தில் கிடை அமர்த்தி எருப் பெறுவதும், கைமுடைக் காலத்தில் இரண்டு உருப்படிகளைச் சந்தைக்கு ஓட்டுவதும் குடியானவர் வழக்கம். அத்தகைய மந்தையில் கடுங்காய்ச்சலும், கண்ணிலும் மூக்கிலும் நீர்வடிதலும், வாய்ப்புண்ணும், கழிச்சலும் கண்டு ஆடுகள் அடுத்தடுத்து மடியுமாயின், உடையவர் அதனைச் சளியென்றோ குடற்புழுவென்றோ கருதிக் கைம்மருந்து செய்கிறார். இறந்தவற்றை அன்றே புதைத்தும் விடுகிறார். நோயின் பெயரும் அக்குழியிலேயே புதைந்துபோகிறது.

பெயரறிவதில் கற்றவரும் இடர்ப்பட்டதுண்டு. ஆட்டுக்கொல்லி நோய் மேற்கு ஆப்பிரிக்காவில் 1942-லேயே விவரிக்கப்பட்டது. எனினும் இந்தியாவில் அது முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது 1987-ல், விழுப்புரத்தைச் சார்ந்த அரசூரில், செம்மறியாடுகளிடத்தே. அதற்குமுன் ஆடுகளில் இக்குறிகள் தோன்றினால் பெரும்பாலும் மாட்டு வெக்கை என்றே கொள்ளப்பட்டது. இரு கிருமிகளும் ஒரே குடும்பத்தன ஆதலின் அத்தவறு இயல்பானதே. மாட்டு வெக்கை 2011-ல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியோ இன்னும் நம்மிடையே உள்ளது.

இந்நோயின் வஞ்சகம் யாதெனில், உடலைக் காக்கும் வெள்ளணுக்களையே அது முதலில் பற்றுகிறது. நெறிக்கணுக்களிலும் மண்ணீரலிலும் அவ்வணுக்கள் அழிந்து குறைய, வேறு கிருமிகள் புகுந்து நுரையீரலைக் கெடுக்கின்றன. நுரையீரலை மட்டும் பார்ப்பவர் சளிநோய் என்று சொல்லிவிடுவார். அவர் கண்டது பின்னால் வந்த திருடனையே.

முன்னால் வந்தவனைக் காட்டுவது எதிர்ப்பொருள். உடல் தனக்கு அந்நியமான பொருளை எதிர்க்க உண்டாக்கும் புரதம் அது. தனக்குரிய குறியைத் தேடிப் பற்றும். ஒரு காலத்தில் முக்தேசுவரத்து ஆராய்ச்சிசாலையில், எதிர்ப்பொருள் நிறைந்த சீரம் மாட்டு வெக்கைக்கெனத் தயாரிக்கப்பட்டு மாடுகளுக்குக் குத்தப்பட்டது. இன்று அதே பொருள் துப்பறியும் சேவகனாகவும் பயன்படுகிறது. 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்னும் இருவர், ஒரே குறியைப் பற்றும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டும் அளவு உண்டாக்கும் முறையைக் கண்டபின் இவ்வேலை எளிதாயிற்று.

செய்முறை இது. இறந்த ஆட்டின் நெறிக்கணுத் துண்டைப் பார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவர். அதன்மேல் எதிர்ப்பொருளை இட்டு, நிறம் உண்டாக்கும் நொதி தாங்கிய இரண்டாவது எதிர்ப்பொருளையும் இடுவர். அந்நொதி குதிரை முள்ளங்கி என்னும் சீமைக் கிழங்கினின்று கிடைப்பது (வேரின் காரம் கண்டு நம் முருங்கையை வெள்ளையர் இம்முள்ளங்கியின் பெயரால் அழைத்தது வேறு கதை). உரிய சாயப்பொருள் சேர்த்தவுடன், பற்றிய இடம் மட்டும் பழுப்பாகத் தோன்றும். கிருமியைப் பற்றும் எதிர்ப்பொருளானால் கிருமி இருக்குமிடமும், ‘சிடி3’ என்ற குறியைப் பற்றுவதானால் டி-வகை வெள்ளணுக்களும் பூதக்கண்ணாடியின்கீழ்ப் புலனாகும். எலிக்கும் மனிதனுக்கும் பொருந்தும் எதிர்ப்பொருளெல்லாம் ஆட்டுக்குப் பொருந்திவிடாது. ஆகையால் நோயற்ற ஆட்டின் தசையையும் உடன்வைத்துப் பார்த்த பின்னரே முடிவு கூறப்படும். அவசரப்பட்டுச் சொன்ன முடிவால் மந்தைக்கு நன்மையில்லை.

அழுகிய தசையில் எதிர்ப்பொருளும் ஏமாறும். எனவே ஆடு இறந்தவுடன், புதைக்குமுன், கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் தரவேண்டும். பிணத்தை உடையவர் தாமே அறுக்கலாகாது. வைத்தியர் எடுக்கும் துண்டுகளில் ஒரு பங்கு, அதன் கனஅளவிற்குப் பத்து மடங்கு பார்மலினிலும், மறுபங்கு பனிக்கட்டியிலும் செல்லும். துண்டு அரைச் சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் பார்மலின் உள்ளே விரைவில் இறங்காது. பார்மலினில் இட்டதை உறையவைத்தால் கெட்டுவிடும். இரண்டையும் ஒரே பெட்டியில் திணித்தனுப்பி வீணாக்குவதும் உண்டு.

கிராம அதிகாரிகள், பரிசோதனை முடிவு வரும்வரை அம்மந்தை சந்தைக்கும் பிறர் கிடைக்கும் போகாமல் பார்த்துக்கொள்ளல் வேண்டும். முன்பணம் வாங்கிவிட்டோம் என்று உடையவர் முறையிடுவதுண்டு. நோயாடு ஒன்று சந்தைக்குப் போனால் பத்து ஊர் மந்தை பாழாகும் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லலாம்.

அரசூர்க் கிருமியினின்றே தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் பின்னர்த் தடுப்பு மருந்து ஆக்கினர். தடுப்பூசி ஒரு முறை குத்தினால் மூன்றாண்டுகள் வரை காவல் உண்டு. மூன்று மாதம் கடந்த குட்டிகளுக்குக் குத்தலாம். ஊசி பெற்ற ஆட்டின் இரத்தத்திலும் எதிர்ப்பொருள் காணுமாதலால், குத்திய தேதியை உடையவர் குறித்துவைத்து, இரத்தம் எடுக்க வருபவரிடம் காட்டல் வேண்டும்.