வெயிலில் கறுக்கும் திரை

சித்திரை மாதத்து உச்சிவெயிலில் கம்பம் உழவர் சந்தை வாசலில் நிற்கும் பைக்குகளின் டிஜிட்டல் மீட்டரைக் கவனித்திருக்கிறீர்களா? சில வண்டிகளில் எண்களே தெரியாது. திரை முழுக்கக் கறுத்துக் கிடக்கும். காய்கறிப் பையோடு வரும் வண்டிக்காரர் சாவியைத் திருகிப் பார்த்துவிட்டு, "மீட்டர் போச்சு, இனி ஆயிரக்கணக்குல செலவு" என்று நொந்துகொண்டே கிளம்புவார். கூடலூர் போய்ச் சேர்வதற்குள் காற்று பட்டுச் சூடு தணிந்ததும் எண்கள் தாமாகத் திரும்பி வந்துவிடும். மீட்டரில் எந்தப் பழுதும் இல்லை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அடைத்து வைத்த ஒரு பொருள் வெயிலில் தன் இயல்பை இழந்தது, சூடு தணிந்ததும் மீட்டுக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது.

அந்தப் பொருளுக்குத் திரவப் படிகம் என்று பெயர். கால்குலேட்டர், மின்வாரிய மீட்டர், கடைத் தராசு, டி.வி., இன்னும் ஏராளமான செல்போன்கள் என்று நம் கண்ணில் படும் திரைகளில் பெரும்பாலானவை அதை நம்பித்தான் இயங்குகின்றன.

பொருள்கள் திண்மம், திரவம், வாயு என மூன்று நிலைகளில் இருக்கும் என்று பள்ளியில் படித்தோம். 1888இல் பிராக் நகரில் ஃப்ரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் அந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்றைக் கண்டார். கேரட் கிழங்கிலிருந்து பிரித்த கொலஸ்டிராலை வைத்து அவர் தயாரித்த பொருள் 145.5 டிகிரி செல்சியஸில் உருகியது. ஆனால் தெளியவில்லை, கலங்கலாகவே நின்றது. 178.5 டிகிரியை எட்டியதும் சட்டென்று தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? குழம்பிப்போன ரைனிட்சர், நுண்ணோக்கி வல்லுநரான ஓட்டோ லேமனுக்குக் கடிதம் எழுதினார். லேமன் சூடேற்றிக்கொண்டே பார்க்கும் வசதியுள்ள தம் நுண்ணோக்கியில் அதை ஆராய்ந்து, அந்தக் கலங்கல் நிலையில் பொருள் திரவம்போல ஓடுகிறது, படிகம்போல ஒளியைக் கையாள்கிறது என்று அறிவித்தார்.

ஓடும் பொருளுக்குள் ஒழுங்கு எப்படி இருக்க முடியும்? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வரும் 18ஆம் கால்வாயில், அறுப்புக் காலத்தில் வைக்கோல் துரும்புகள் மிதந்து வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துரும்புக்கும் நிலையான இடம் கிடையாது. முந்தும், பிந்தும், விலகும். ஆனால் எல்லாம் ஏறக்குறைய கால்வாய் போகும் திசையில் நீளவாக்கில் நிற்கும். கரையை ஒட்டி வருபவை கரைக்கு இணையாகவே திரும்பிக்கொள்ளும். திரைகளில் இருக்கும் திரவப் படிகத்தின் நிலை இதுதான். அதன் மூலக்கூறுகள் குச்சி வடிவானவை, சுமார் 2 நானோமீட்டர் நீளம். அவற்றுக்கு இடம் நிலையில்லை, திசை மட்டும் பொது.

அந்தத் திசை எது என்று கரை சொல்கிறது. இந்த ஒன்றில்தான் திரைத் தொழில்நுட்பத்தின் உயிரே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

திரை செய்யும்போது கண்ணாடியின் உட்பக்கத்தில் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கை மிக மெல்லிய படலமாகப் பூசுவார்கள். பிறகு உருளையில் சுற்றிய வெல்வெட் துணியால் அதை ஒரே திசையில் தேய்ப்பார்கள். ஆம், துணியால் தேய்ப்பதுதான். பல ஆயிரம் கோடி முதலீட்டில், தூசு புகாத அறைகளில் நடக்கும் தொழிலின் முக்கியமான படி இது. தேய்த்த திசையில் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் இழுபட்டுப் படிகின்றன. அவற்றைத் தொடும் திரவப் படிகமும் அதே திசையில் படிகிறது. தேய்த்த பரப்பு திசை காட்டும் என்பதை 1911இலேயே பிரான்சின் சார்ல் மோகன் கண்டுவிட்டார். காரணம் தேடியவர்கள் முதலில், துணி போட்ட நுண்ணிய வரிப்பள்ளங்கள் என்றார்கள். சங்கிலிகளின் சாய்வுதான் பெரும்பங்கு வகிக்கிறது என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெளிந்தது.

இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையே உள்ள சந்து ஐந்து மைக்ரான் அளவுதான். அந்தச் சந்துக்குள்ளும் மேலிருந்து கீழாகச் சுமார் 10,000 மூலக்கூறு அடுக்குகள் இருக்கும். முதல் அடுக்கு மட்டும்தான் தேய்த்த பரப்பைத் தொடுகிறது. அது காட்டும் திசையை அடுத்தது ஏற்கிறது, அதற்கடுத்ததும் ஏற்கிறது. இப்படியே செய்தி பத்தாயிரம் அடுக்குகளுக்கும் போய்ச் சேருகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீராத இடம் இது.

இனி, கீழ்க்கண்ணாடியைக் கிழக்கு மேற்காகவும் மேற்கண்ணாடியை வடக்குத் தெற்காகவும் தேய்த்தால் என்ன ஆகும்? இரண்டு கட்டளைக்கும் கட்டுப்பட்டு, இடையில் உள்ள மூலக்கூறுகள் அடுக்குக்கு அடுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, மொத்தம் 90 டிகிரி முறுக்கிக்கொள்ளும். மார்ட்டின் ஷாட், வோல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் இருவரும் 1970 டிசம்பரில் சுவிட்சர்லாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பு இது. இந்த முறுக்கு ஒளியை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒளி ஓர் அலை. அது பாயும் திசைக்குக் குறுக்கே எல்லாப் பக்கமும் அதிரும். போலராய்டு தாள் ஒரு திசை அதிர்வை மட்டும் வழிவிடும். இரண்டு போலராய்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் ஒளி மறைந்துவிடும். நடுவில் முறுக்கிய திரவப் படிகம் இருந்தாலோ, அது ஒளியின் அதிர்வுத் திசையைத் தன்னோடு சேர்த்துத் திருப்பி வெளியே அனுப்பிவிடும். திரை வெளிச்சமாகத் தெரியும். சில வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்கும், முறுக்கு அவிழும், அந்த இடம் மட்டும் கறுக்கும். மீட்டரில் நீங்கள் காணும் எண் அந்தக் கறுப்புதான்.

நிமிரும்போதும் ஒரு சிக்கல் உண்டு. படுத்திருக்கும் குச்சி இந்தப் பக்கமும் எழலாம், அந்தப் பக்கமும் எழலாம். ஆளுக்கொரு பக்கம் எழுந்தால் திரையில் திட்டுத் திட்டாகக் கறை விழும். துணியை ஒரே போக்கில் தேய்ப்பதால் மூலக்கூறுகள் படுக்கையிலேயே ஓரிரு டிகிரி தலைதூக்கி நிற்கின்றன. அந்தச் சிறு சாய்வால் எல்லாம் ஒரே பக்கம் எழுகின்றன.

இப்போது உழவர் சந்தை வாசலுக்கான விடை எளிது. சூடு ஓர் எல்லையைத் தாண்டினால் திசை ஒழுங்கு குலைந்து, திரவப் படிகம் வெறும் திரவமாகிவிடும். ரைனிட்சர் 178.5 டிகிரியில் பார்த்த அதே தெளிவுதான் இது. வெறும் திரவத்துக்கு ஒளியைத் திருப்பத் தெரியாது. ஆகவே எண் இருக்கும் இடமும் கறுப்பு, இல்லாத இடமும் கறுப்பு. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சயனோபைஃபினைல்கள்தான், நீண்ட நாள் கெடாமல் அறை வெப்பத்தில் நின்ற முதல் நல்ல பொருள்கள். ஆனால் அவற்றில் புகழ்பெற்ற 5சிபி சுமார் 35 டிகிரியிலேயே தெளிந்துவிடும். தேனியின் கோடைக்கு அது ஒரு பகல்கூடத் தாங்காது. ஒன்றை மட்டும் நம்பாமல் நான்கு பொருள்களைக் கலந்து செய்த இ7 என்ற கலவை, உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 60 டிகிரி வரை தாக்குப்பிடித்தது. இன்றைய வண்டி மீட்டர்களில் இருப்பவை இன்னும் அதிகம் தாங்கும் கலவைகள். நேர் வெயிலில் மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஏறும் சூடு சில நேரம் அதையும் மீறிவிடுகிறது.

இந்தக் கதையில் நம் பங்கு என்ன என்று கேட்பவர்கள் பெங்களூருக்கு வரவேண்டும். சர் சி.வி. ராமனின் சகோதரி மகனான சிவராமகிருஷ்ண சந்திரசேகர், மைசூர்ப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக இருந்துவிட்டு, 1971இல் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து திரவப் படிக ஆய்வகத்தைத் தொடங்கினார். திரவப் படிகம் என்றாலே குச்சி வடிவ மூலக்கூறு என்று உலகம் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக நம்பியிருந்தது. 1977இல் சந்திரசேகர், பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் மூவரும் வட்டத்தட்டு வடிவ மூலக்கூறுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூண்களாகி திரவப் படிகம் ஆகும் என்று காட்டினார்கள். அந்தக் கட்டுரை வெளியானது 'பிரமாணா' என்ற நம் நாட்டு ஆய்விதழில். உலகின் முன்வரிசை ஆய்வகங்கள் நம் இதழைத் தேடிப் படிக்க நேர்ந்த கட்டுரைகளில் அது ஒன்று.

அதன் பயன் திரைக்கே வந்து சேர்ந்தது. முறுக்குத் திரையை நேராகப் பார்த்தால் சரியாகத் தெரியும், பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறும், கறுப்பு வெளுக்கும். சாய்ந்து போகும் ஒளியிடம் குச்சிகள் வேறு மாதிரி நடந்துகொள்வதுதான் காரணம். தட்டு மூலக்கூறுகள் ஒளியை இதற்கு நேரெதிராகக் கையாள்பவை. அவற்றையும் தேய்த்த பரப்பின்மேல் பூசி, சாய்வு படிப்படியாக மாறும்படி இறுக்கி, ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் 1990களில் ஒரு படலம் செய்தது. திரையில் அதை ஒட்டியதும் குச்சிகள் செய்த பிழையைத் தட்டுகள் ஈடுகட்டின. பக்கத்தில் அமர்ந்தவருக்கும் படம் தெரிந்தது. பெங்களூரில் கண்ட அறிவு அப்படித்தான் உலகத்து அலுவலகங்களின் கணினித் திரைகளில் ஏறியது. சந்திரசேகர் 1991இல் தொடங்கிய திரவப் படிக ஆய்வு மையம், இன்று நானோ, மென்பருப்பொருள் அறிவியல் மையம் என்று வளர்ந்து அதே நகரில் இயங்குகிறது.

துணி தேய்க்கும் முறையும் இப்போது விலகிக்கொண்டிருக்கிறது. துணி தூசு விடும், நிலைமின்சாரம் எழுப்பி நுண்ணிய டிரான்சிஸ்டர்களைக் கெடுக்கும். அதனால் புற ஊதா ஒளியைப் பாய்ச்சியே பரப்புக்குத் திசை கற்பிக்கும் முறை பல ஆலைகளில் வந்துவிட்டது. அதற்கு 1990களின் தொடக்கத்தில் வழிகோலியவர்களில் அதே மார்ட்டின் ஷாட்டும் ஒருவர்.

தேனி மாவட்டத்து அறிவியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். போடி ஏலக்காய்க் கடைகளிலும் கம்பம் திராட்சை மண்டிகளிலும் தேய்ந்துபோன கால்குலேட்டர்கள் எத்தனையோ கிடக்கும். எண்கள் இன்னும் தெரிகிற ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, திரையின் மேலுள்ள போலராய்டு தாளைக் கண்ணாடி உடையாமல் மெல்ல உரித்தெடுங்கள். எண்கள் மறைந்துவிடும், ஆனால் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். உரித்த தாளைக் கண்ணுக்கு முன் பிடித்தால் எண்கள் மறுபடி தெரியும். தாளைக் கால் வட்டம் திருப்பினால் கறுப்பும் வெளுப்பும் இடம் மாறும். காசு செலவில்லாத இந்தச் சோதனையை இந்த ஆண்டே பிள்ளைகள் கையாலேயே செய்யவிடுங்கள்.