டோட்டல் லாஸ் ஆன கார் மறுபடி விற்பனைக்கு வரும்போது

செகண்ட் ஹேண்ட் கார் வாங்க யோசித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். வளைகுடாவில் இருக்கும் பிள்ளை அனுப்பிய பணம், நகையை விற்ற பணம், உறவில் வாங்கிய கைமாற்று என்று மூன்று நான்கு லட்சம் சேர்த்து, வாடகைக்கு ஓட்டவோ புடவைக் கட்டுகளைச் சென்னைக்குக் கொண்டுபோகவோ கார் எடுக்கிறார்கள் நம் ஊர்க்காரர்கள். அந்த விலையில் பளபளவென்று நிற்கும் வண்டிகளில் சில, இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கெனவே ஒருமுறை கணக்கு முடித்துக் கழித்துவிட்டவை.

ஒவ்வொரு பாலிசியிலும் ஐ.டி.வி. என்று வண்டியின் மதிப்பு எழுதியிருக்கும். விபத்திலோ வெள்ளத்திலோ அடிபட்ட வண்டியைச் சரிசெய்யும் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். ஐ.டி.வி. 4 லட்சம் என்றால், ரிப்பேர் செலவு 3 லட்சத்தைத் தாண்டியதுமே இந்தக் கணக்கு. உரிமையாளருக்குப் பணம் போய்விடும். உடைந்த வண்டி பெரும்பாலும் ஏலத்துக்கு வரும். ஏலத்தில் எடுத்தவர் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து விற்பார். இதுவரை குற்றம் ஏதுமில்லை. ஒழுங்காகச் சரிசெய்து, உள்ளதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுத்தால் அப்படிப்பட்ட காரை எடுக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

சிக்கல் என்னவென்றால், நம் நாட்டு ஆர்.சி. புத்தகம் இதைப் பற்றி வாய் திறக்காது. பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் இத்தகைய வண்டிகளை ஏ, பி, எஸ், என் என்று நான்காகப் பிரிக்கிறார்கள். ஏ, பி வகை மறுபடி ரோட்டுக்கே வரக்கூடாது. இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு, அழிந்துபோன அல்லது இனி ஓட்டவே முடியாத வண்டியைப் பற்றி 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. ஆனால் சரிசெய்யக்கூடியது என்று ஆர்.சி.யோடு விற்கப்படும் வண்டிக்கு எந்த முத்திரையும் விழாது.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் மூழ்கின. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழையின்போது ஊத்தங்கரையில் வண்டிகளை வெள்ளம் அடித்துப்போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். வெள்ளத்தில் நின்ற கார், அடிபட்ட காரைவிட ஏமாற்றும். வயரிங் கனெக்டர்களிலும் ஏர்பேக் கன்ட்ரோல் பெட்டியிலும் புகுந்த ஈரம் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அரிக்கும். வாங்கும்போது எல்லாம் ஓடும். ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாக நிற்கும்.

நல்ல சரிகையா என்று சுரண்டி உள்ளே சிவப்பு நூலைத் தேடத் தெரிந்த ஊர் நம்முடையது. காருக்கும் அப்படிச் சுரண்டிப் பார்க்கும் இடங்கள் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சேற்றுக்கறை இருந்தால் அங்கே தெரியும். ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடியில் பாருங்கள். கார்பெட்டைப் புரட்டி, சீட் தண்டவாளத்திலும் போல்ட்டிலும் துரு இருக்கிறதா என்று கவனியுங்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில வினாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பானட்டைத் திறந்து, போல்ட் தலைகளில் பெயின்ட் உரிந்திருக்கிறதா, இரண்டு பக்க வெல்டிங்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று தெரிந்த மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். புரோக்கர் கூட்டிவரும் மெக்கானிக் வேண்டாம்.

காகிதம் இன்னும் தெளிவாகப் பேசும். கடைசி மூன்று வருட பாலிசிகளைக் கேளுங்கள். க்ளெய்ம் வாங்காதவருக்கு நோ க்ளெய்ம் போனஸ் 20, 25, 35 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். அது திடீரென்று பூஜ்யமாகியிருந்தாலோ, நடுவில் சில மாதம் பாலிசியே இல்லாமல் பிறகு வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தாலோ காரணம் கேளுங்கள். உரிமையாளர் மாறியிருந்தாலும் போனஸ் போய்விடும் என்பதால், காரணத்தைக் கேட்காமல் முடிவு கட்டிவிட வேண்டாம். எம்-பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ், லோன் விவரங்களைச் சரிபாருங்கள். வண்டியில் பொறித்த சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யில் உள்ளதையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். திருட்டுக் காருக்கு நொறுங்கிய காரின் எண்ணைப் பொறித்து விற்கும் கும்பல்கள் உண்டு.

எங்களைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பயன்படுவது ஒரு போன் கால். ஏலத்தில் எடுத்தவர் பல நேரம் தன் பெயருக்கு மாற்றாமலே கைமாற்றிவிடுவார். ஆர்.சி.யில் பழைய உரிமையாளர் பெயரே இருக்கும். அவரிடமே பேசி, "இந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் பணம் வாங்கினீர்களா?" என்று கேளுங்கள். அவர் நம்பரைக் கொடுக்க புரோக்கர் மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

கார் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்டார்கள் நபியவர்கள். வெள்ளத்தில் நின்ற காரை வாசனை தெளித்து விற்பவருக்கு இதற்கு மேல் நாங்கள் விளக்க வேண்டியதில்லை. மறைத்த குறை பிறகு தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு மார்க்கத்தில் உண்டு. விவரத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பேரம் முடிந்ததும், "இந்த வண்டி டோட்டல் லாஸ் ஆனதில்லை" அல்லது "ஆகி, சரிசெய்யப்பட்டது" என்று விற்பவர் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். படிவம் 29, 30 இரண்டையும் பெயர், தேதியோடு நிரப்பி உடனே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள். டீலர் மறைத்து விற்றிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த எழுத்துதான்.