வலை இழுத்த நாலாம் நாள் மீன் மிதப்பது ஏன்?

'போன வாரம் வலை இழுத்து எடை பார்த்தோம். மீன் நன்றாகத் துள்ளியது. நாலே நாளில் வயிறு சிவந்து, செதில் தூக்கி, ஒவ்வொன்றாக மிதக்கிறது. யாராவது மருந்து கலந்திருப்பார்களா?'

கெண்டை வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பக்கத்துத் தோட்டக்காரரைச் சந்தேகப்படும் முன் வலையைப் பாருங்கள்.

ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா நன்னீர்க் குளங்களில் சாதாரணமாக இருப்பதுதான். நல்ல மீனின் குடலிலும் இருக்கும். அதைத் தடுத்து வைத்திருப்பது மீன் மேலுள்ள வழவழப்பு. அந்தக் கோழை, ஒட்டவரும் கிருமியைப் பிடித்துத் தன்னோடு வழித்துத் தள்ளிவிடும். கிருமியைக் கொல்லும் பொருள்களும் அதில் உண்டு. முரட்டு வலை உரசினாலோ, மீன் பேன் கடித்தாலோ, கட்லா, ரோகுவை அள்ளித் தரையில் கொட்டினாலோ இந்த வேலி அறுந்துபோகும்.

காயத்தில் ஒட்டிய கிருமி, சதையைக் கரைக்கும் நொதியைச் சுரந்து உள்ளே போகிறது. அடுத்து ஒரு நச்சு. அது ரத்த அணுக்களில் ஓட்டை போட்டு உடைக்கும். துடுப்படியில் ரத்தத் திட்டு வருவது இப்படித்தான். சிறுநீரகம் கெட்டதும் வயிற்றில் நீர் கோக்கும், கண் பிதுங்கும். பிராணவாயு குறைந்து, விடியற்காலையில் வாய் பிளக்கும் மீனுக்கு எதிர்ப்புச் சக்தியும் தளர்ந்திருப்பதால் நோய் வேகமாக முற்றும்.

தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்தால் போதாதா என்பார்கள். நோயுற்ற மீன் தீவனமே எடுக்காது. நல்ல மீன்தான் மருந்தைத் தின்னும். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகைகளுக்கு மீன் வளர்ப்பில் தடையே இருக்கிறது. எந்தக் கிருமி என்று தெரியாமல் எதையும் ஊற்ற வேண்டாம். பரிசோதனைக்குச் செத்த மீனைக் கொண்டுபோகாதீர்கள். அதில் அழுகல் கிருமிகள் ஏறியிருக்கும். உயிரோடு தடுமாறும் இரண்டு மீன்களைக் குளத்து நீரோடு எடுத்துப் போங்கள்.

வலை இழுப்பதானால் முடிச்சில்லாத மென்வலை நல்லது. வெயிலுக்கு முன் இழுக்கலாம், ஆனால் மீன் வாய் பிளக்கும் நாளில் வேண்டாம். பிடித்த மீனைத் திரும்ப விடுமுன் 10 லிட்டர் நீரில் 200 கிராம் கல்லுப்பு கரைத்து ஒரு நிமிடம் முக்கலாம். புரண்டால் உடனே எடுத்துவிடுங்கள்.

செத்த மீனைக் கரையில் வீசாமல், சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள். காக்கை கொத்திப் போய் அடுத்த குளத்தில் போட்டால், அவர் உங்களைச் சந்தேகப்படுவார்.