மலைநாட்டில் இணையவழி உளவளத்துணை

உளவளத்துணையாளரும் உதவி தேடுபவரும் ஓர் அறையில் கூடாமல், காணொளி அழைப்பிலோ தொலைபேசியிலோ எழுத்திலோ நடத்தும் சிகிச்சையே இணையவழி உளவளத்துணை. குடும்பப் பிணக்கு, நெருங்கியவரின் சாவு, நெஞ்சை விட்டு அகலாத பயங்கர நினைவு ஆகியவற்றுக்கு இந்த வழி பயன்படுகிறது. பேராதனை போதனா வைத்தியசாலையிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் உளநல சேவை உண்டு. ஆனால் கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ வரும் தோட்டத் தொழிலாளிக்குப் பஸ் காசோடு அன்றைய சம்பளமும் போய்விடும். கிளினிக் வரிசையில் ஊர்க்காரர் யாராவது கண்டுவிட்டால் "பைத்தியத்துக்கு மருந்து எடுக்கிறாளாம்" என்ற பேச்சு தோட்டத்து லயன் வீடுகள் முழுக்கப் பரவும். பலர் வைத்தியசாலைப் படியேறாமல் இருப்பதற்கு இந்த வெட்கமும் ஒரு காரணம்.

முகம் காட்டாமல் மனம் திறக்கும் வழி இணையத்துக்கு முந்தியது. லண்டனில் 1953இல் சாட் வரா என்ற பாதிரியார் தொடங்கிய சமாரிட்டன்ஸ் தொலைபேசிச் சேவையின் வழியில், இலங்கையில் 1974இல் சுமித்ரயோ தோன்றியது. இன்று தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது. 1333 என்ற இலக்கத்திலும் கட்டணமின்றிப் பேசலாம். இரண்டிலும் தமிழில் பேசலாம். இவை உடனடி ஆறுதலுக்கானவை. வாரந்தோறும் ஒரே உளவளத்துணையாளரோடு தொடரும் சிகிச்சை வேறு. அதற்குத்தான் காணொளியும் எழுத்தும் கைகொடுக்கின்றன.

எழுத்துவழிச் சிகிச்சைக்கு நெதர்லாந்தில் உருவான 'இன்டராப்பி' முறை நல்ல உதாரணம். போரில் சிக்கிய அரபு மக்களுக்காக அதே முறையை அரபு மொழியில் அமைத்து, 159 பேரிடம் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. உதவி தேடுபவர் வாரத்துக்கு இரு முறை, தலா முக்கால் மணி நேரம், ஐந்து வாரம் எழுத வேண்டும். முதலில், தன்னை உலுக்கிய அந்த நிகழ்வைக் கண்முன் நடப்பதுபோல் எழுதுவார். அடுத்து, அதே கொடுமைக்கு ஆளான ஒரு நண்பருக்கு ஆறுதல் கடிதம் எழுதுவார். 'உன் மீது குற்றமில்லை' என்று பிறருக்கு எழுதும் கை மெல்ல மெல்லத் தனக்கும் அதையே எழுதத் தொடங்கும். கடைசிக் கடிதம் அந்த நாளுக்கு விடை கொடுப்பது. ஒவ்வொன்றையும் உளவளத்துணையாளர் படித்துப் பதில் எழுதுவார். பாதியில் விட்டவர்கள் கணிசமாக இருந்தபோதும், சிகிச்சை பெற்றவர்களின் அறிகுறிகள் தெளிவாகக் குறைந்தன. அவர்களால் தாய்மொழியிலேயே எழுத முடிந்தது. தமிழில் இப்படியொரு முறையான ஏற்பாடு மலைநாட்டுக்கு அவசரமாகத் தேவை.

அவசரம் என்பதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் வீடுகளை மனிதரோடு மூடின. உடல் கிடைக்காத சாவில் அழுது தீர்க்கவும் முடியாது, காரியம் செய்யவும் மனம் வராது. வாசலைப் பார்த்தபடியே காலம் போகும். அமெரிக்க உளவியலாளர் போலின் பாஸ் இதைத் தனிவகை இழப்பாக விளக்கியிருக்கிறார். ஆனால் சாதாரணத் துக்கம் நோயல்ல. அதற்குச் சிகிச்சையும் வேண்டாம், உறவுகள் போதும். ஆறு மாதம் கடந்தும் அன்றாட வாழ்வையே முடக்கும் ஏக்கத்தைத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு 'நீடித்த துக்கம்' என்கிறது. அதற்கு முறையான உதவி வேண்டும்.

குடும்பப் பிணக்கில்தான் இணையவழி உதவி அதிகம் தடுமாறுகிறது. 10க்கு 12 அடி லயன் காம்பிராவில் மாமியார், பிள்ளைகள், கணவன் எல்லாரும் இருக்க, ஒரு பெண் எங்கே நின்று பேசுவாள்? வாசலுக்குப் போனால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். தள்ளிப் போனால் சிக்னல் போகும். அனுபவமுள்ள உளவளத்துணையாளர் முதலில் "இப்போது தனியாக இருக்கிறீர்களா?" என்று கேட்பார். ஆள் இருந்தால் 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் பதில் வரும்படி கேள்வியை மாற்றிக்கொள்வார். கணவன் கைபேசியைப் பார்ப்பவனாக இருந்தால் எழுத்தைத் தவிர்த்துக் குரலில் பேசுவதே பாதுகாப்பு.

வீட்டில் அடி உதை இருந்தால் தம்பதியரை ஒரே அழைப்பில் உட்காரவைப்பது ஆபத்து. அழைப்பு முடிந்ததும் சொன்னதற்கு அடி விழும். அத்தகைய பெண்ணுக்கு அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் உள்ள 'நட்பு நிலையம்' என்ற உதவி மையமும், 1938 என்ற மகளிர் இலக்கமும், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றப் பாதுகாப்புக் கட்டளையும் உண்டு. உயிர் மாய்க்கும் எண்ணம், காதில் குரல் கேட்பது, போதைப் பழக்கம் முற்றியது ஆகியவற்றுக்கும் திரைவழிப் பேச்சு போதாது. நேரில் வைத்தியரைக் காண வேண்டும்.

காசு வாங்கி இணையத்தில் ஆலோசனை தரும் எவரிடமும் படிப்பு என்ன, எங்கே பயிற்சி பெற்றார், சொன்னதை யாரிடம் பகிர்வார் என்று கேட்பது உதவி தேடுபவரின் உரிமை. பதில் மழுப்பலாக வந்தால் அங்கே தொடர வேண்டாம். 1926ஐ அழைத்து வழி கேளுங்கள்.